கேம் கன்சோல் மேசைக்கு வந்த மூன்று வாரம்

லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது, மாற்றுப் பலகை வர மூன்று வாரம் ஆகும் என்று பழுது பார்ப்பவர் சொன்னபோது, என் கையில் பாதி திருத்திய புத்தகம் ஒன்று இருந்தது. மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் அமைப்பதும் என் தொழில். கோப்புகள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. அதைச் செருகிப் பார்க்கத்தான் கணினி இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது மகள் கையில் பிடித்து கேம் ஆடும் கன்சோலான ஸ்டீம் டெக் ஒன்றுதான்.

"அதைக் கொஞ்ச நாள் கணினியா வெச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"அது கேம் ஆடுறதுப்பா. அதுல எப்படிப் புத்தகம் பண்ணுவீங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. வாங்கிய நாளிலிருந்து அவள் பார்த்தது கேம் பட்டியல் வரும் முகப்பை மட்டும்தான். ஆனால் உள்ளே இருப்பது நான்கு கோர் கொண்ட ஏஎம்டி ஜென் 2 ப்ராசஸர், 16 ஜிபி ரேம். செத்துப்போன என் லேப்டாப்பில் இருந்தது 8 ஜிபி. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரி கடைசியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே, ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டிய ஸ்டீம்ஓஎஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுத்தான் கொண்டுவந்தது. பவர் மெனுவில் டெஸ்க்டாப்புக்கு மாறுவதற்கு ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் கேம் முகப்பு மறைந்து, கேடிஇ பிளாஸ்மா என்ற முழு டெஸ்க்டாப் எழுந்து நிற்கும். எதையும் உடைக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மகள் இரண்டு நிபந்தனை போட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது அவளுடையது. அவளுடைய சேவ், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு, ஒன்றுகூடப் போகக் கூடாது. இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன்.

ஆகவே முதல் வேலை பேக்கப். நிறைய கேம்களின் சேவ் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும், எல்லாமும் போகாது. விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் இதில் புரோட்டான் என்ற அடுக்கின் வழியாக ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டர் அமைப்பு, ஸ்டீம்ஆப்ஸுக்குள் காம்பேட்டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். கிளவுடுக்குப் போகாத சேவ்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அந்த ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுத்தேன்.

எடுக்கும்போதே ஒரு பாடம். பல கருவிகளை ஒரே துளையில் இணைக்கும் யூஎஸ்பி-சி ஹப் ஒன்றில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் செருகி, நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி குறைகிறதே என்று சார்ஜரையும் அதே ஹப்பில் செருகினேன். திரை ஒரு நொடி கறுத்தது. திரும்பி வந்தபோது ஹார்ட் டிஸ்கைக் காணோம், நகல் பாதியில் நின்றிருந்தது. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை டெக்கும் ஹப்பும் அந்த நொடியில் மறுபடி பேசி முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சு முடிவதற்குள் ஹப்பில் தொங்கும் எல்லாமே ஒருமுறை அணைந்து எரிந்துவிடலாம். அன்றிலிருந்து வரிசை இதுதான்: முதலில் சார்ஜர், அப்புறம் ஹப், டெக்கில் திரை வந்த பிறகுதான் டிஸ்க். நகலை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். டெக்குடன் வரும் சார்ஜர் 45 வாட். ஹப் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மெய்ப்பு வேலைக்கு அது தாராளம்.

அடுத்தது பாஸ்வேர்டு. இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. டெக் என்ற பெயரில் இருக்கும் பயனர் கணக்குக்கு வாங்கும்போது பாஸ்வேர்டே கிடையாது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து நாமாக ஒன்று வைக்கும் வரை நிர்வாகி உரிமை வேண்டும் வேலை எதையும் செய்ய முடியாது. அதே சமயம், கருவியைக் கையில் எடுக்கும் எவரும் டெஸ்க்டாப்புக்குள் நுழைந்து தாமே ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடவும் முடியும். கேம் மட்டும் இருந்தவரை அதனால் பெரிய நஷ்டமில்லை. வாடிக்கையாளரின் அச்சாகாத புத்தகம் அதற்குள் வந்த பிறகு கதை வேறு. கணக்குக்குப் பாஸ்வேர்டு வைத்தேன், கேம் முகப்புக்கு எண் பூட்டும் போட்டேன். புத்தகக் கோப்புகளை டெக்கிலேயே வைக்காமல் டிஸ்கிலிருந்தே திறந்தேன்.

கீபோர்டும் மவுஸும் செருகுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வெறும் டெக்கிலேயே டெஸ்க்டாப்பை ஓட்டிப் பார்த்தேன். வலது டிராக்பேட் மவுஸ், வலது பின்விசை இடது கிளிக், இடது பின்விசை வலது கிளிக். கை ஒரு நாளில் பழகிவிடுகிறது. ஸ்டீம் பட்டனும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும். ரேம் மிச்சமாகட்டும் என்று கேம்களை நடத்தும் ஸ்டீம் செயலியை மூடினேன், திரைக் கீபோர்டு வருவது நின்றுவிட்டது. அந்தக் கீபோர்டை வரவழைப்பதே ஸ்டீம்தான். டிராக்பேடு மட்டும் அதன் துணையில்லாமல் மவுஸாக ஓடுகிறது. வெளிக் கீபோர்டு இல்லாமல் டெஸ்க்டாப்பில் இருக்கிறவரை ஸ்டீமை மூடாதீர்கள்.

7 அங்குலத் திரையில் பக்கம் அமைக்க முடியாது. மானிட்டரைச் செருகி, டெக்கின் சொந்தத் திரையை அமைப்பில் போய் அணைத்துவிட்டேன். அணைக்காமல் விட்டால் சில ஜன்னல்கள் அந்தச் சின்னத் திரையில் போய்த் திறக்கின்றன.

சரி, இனி தமிழ்.

இந்த மூன்று வாரத்தில் அதிக நேரம் தின்றதும் அதிகம் கற்றுத்தந்ததும் இந்த ஒரு விஷயம்தான். நான் தமிழ்99 விசைப்பலகையில் இருபது வருடமாக அடிக்கிறேன். விரலுக்கு வேறு எதுவும் தெரியாது. கேடிஇ அமைப்பில் கீபோர்டு பக்கத்துக்குப் போனால் தமிழுக்கு நாலைந்து வகை இருக்கின்றன, தமிழ்99 பெயரை ஒட்டியும் ஒன்று உண்டு. அதைச் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து அம்மா என்று அடித்தேன். அம்மா வரவில்லை.

காரணம் இது. தமிழ்99இல் அம்மாவுக்கு நான்கு தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம வந்ததும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக விழ வேண்டும். ஆ வந்ததும் அந்த ம, மா ஆக வேண்டும். முன்னால் என்ன அடித்தோம் என்று நினைவில் வைத்திருந்தால்தான் இது நடக்கும். டெஸ்க்டாப்பின் சாதாரண விசை அமைப்புக்கு அந்த நினைவு கிடையாது, ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். புள்ளியையும் துணைக்காலையும் போட்டுத் தர ஒரு உள்ளீட்டு இன்ஜின் தேவை. லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருளும், எம்17என் என்ற நூலகமும் சேர்ந்தால் அந்த வேலை முடியும். எம்17என்னுக்குள் தமிழ்99 ஒழுங்காக எழுதப்பட்டு இருக்கிறது.

வழக்கமான ஆர்ச் லினக்ஸாக இருந்தால் மென்பொருள் நிறுவும் பேக்மேன் கட்டளை ஒன்று போதும். ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பிரிவு எழுத முடியாதபடி பூட்டியிருக்கும். பூட்டைத் திறக்க அதிலேயே ஒரு கட்டளை உண்டு. திறந்தேன், பேக்மேனின் சாவிகளை ஏற்றினேன், இரண்டு தொகுப்பையும் நிறுவினேன். பத்து நிமிடத்தில் அம்மா வந்தாள். அன்று ராத்திரிக்குள் நாற்பது பக்கம் திருத்திவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு அத்தியாயம் அனுப்ப வேண்டும். டெக்கை ஆன் செய்து டெஸ்க்டாப்புக்குப் போனால் தமிழ் இல்லை. எஃப்சிஐடிஎக்ஸ் நிறுவப்பட்ட அடையாளமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சிஸ்டம் அப்டேட் ஒன்று வந்திருக்கிறது. மகள் வழக்கம்போல அதை ஏற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள். அவள் செய்தது சரிதான். பூட்டைத் திறந்து நிறுவுவது அப்டேட்டில் அழிந்துவிடும் என்று வால்வ் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்த பிறகும் அந்த வழியில் போனது நான்.

அழிந்தது எப்படி என்று பார்த்தபோது இந்தக் கருவியின் மேல் எனக்கு மரியாதை கூடியது. உள்ளே ரூட் பிரிவுகள் இரண்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 5 ஜிபி. ஒன்றிலிருந்து கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, அப்டேட் முழுசாக மற்றதில் எழுதப்படும். அடுத்த முறை ஆன் செய்தால் புதியதிலிருந்து எழும். புதியது கோளாறாக இருந்தால் பழையது பக்கத்திலேயே தொடப்படாமல் காத்திருக்கும். நான் பேக்மேனால் நிறுவியது பழைய பிரிவில் கிடந்தது, அவ்வளவுதான். நடு அப்டேட்டில் பேட்டரி தீர்ந்தாலும், டெஸ்க்டாப்பில் ஒருவர் கண்டபடி கைவைத்தாலும், மறுநாள் குழந்தை ஆன் செய்யும்போது கேம் வர வேண்டும் என்பதற்காகவே இப்படிக் கட்டியிருக்கிறார்கள். என் தமிழைத் துடைத்த அதே ஏற்பாடுதான் அவளுடைய கேமைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அன்று அவசரத்துக்கு அத்தியாயங்களை போனிலேயே திருத்தி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் தமிழைச் சரியான இடத்தில் வைத்தேன். சரியான இடம் என்றால் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பிரிவு. அப்டேட் அதைத் தொடாது. ஃபிளாட்பேக்காக, அதாவது தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரும் பொதியாக, வரும் செயலிகள் எல்லாம் கடைசியில் ஹோம் பிரிவுக்குள்தான் போய் உட்கார்கின்றன. ஸ்டீம்ஓஎஸ் அவற்றின் ஃபோல்டரை அங்கே திருப்பிவிட்டிருக்கிறது. டிஸ்கவர் என்ற செயலிக் கடையைத் திறந்து எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐ ஃபிளாட்பேக்காக எடுத்தேன். எம்17என் அதற்கு ஒரு துணை நிரல். உள்ளீட்டு முறை எது என்று செயலிகளுக்குச் சொல்லும் மூன்று சூழல் மாறிகளை ஹோமில் ஒரு சின்னக் கோப்பில் எழுதினேன். டெஸ்க்டாப் எழும்போதே எஃப்சிஐடிஎக்ஸும் எழும்படி ஆட்டோஸ்டார்ட்டில் சேர்த்தேன். தமிழ் எழுத்துருக்களையும் சிஸ்டம் ஃபோல்டரில் போடாமல் ஹோமுக்குள் இருக்கும் எழுத்துரு ஃபோல்டரில் போட்டேன். அதன் பிறகு இன்னொரு அப்டேட் வந்தது. டெஸ்க்டாப்புக்குள் நுழைந்ததும் முதலில் அம்மா என்று அடித்துப் பார்த்தேன். வந்தது.

மற்ற வேலை எல்லாம் சுலபம். லிப்ரே ஆபீஸ், பிடிஎஃப் பார்க்க ஒக்யுலார், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், மூன்றும் டிஸ்கவரில் கிடைக்கின்றன. ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பிலிருந்து தமிழ் போன்ற எழுத்துகளைக் கொம்பும் காலும் இடம் மாறாமல் காட்டுகிறது. 300 பக்கக் கோப்பைத் திறந்து வைத்து, பக்கத்தில் பிரவுசரில் இருபது டேப் இருந்தாலும் டெக் திணறவில்லை. மின்விசிறிச் சத்தம்கூடக் கேம் ஆடும்போது வருவதைவிடக் குறைவுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். டெஸ்க்டாப்பிலிருந்து கேம் முகப்புக்கு மாறினால், திறந்திருந்த செயலிகள் எல்லாம் மூடிவிடும். கேமிலிருந்து இங்கே வந்தாலும் அப்படித்தான். முதல் வாரம் இது குறையாகப்பட்டது. இரண்டாம் வாரத்தில் இதுதான் சரி என்று தோன்றியது. ஆறு மணிக்கு நான் சேமித்துவிட்டு எழுந்தால் அவள் கைக்குப் போவது சுத்தமான கேம் கருவி. என் பிரவுசர் பின்னால் ரேமைத் தின்றுகொண்டிருக்காது, வாடிக்கையாளரின் செய்தி நடு ஆட்டத்தில் எட்டிப் பார்க்காது. ஒரே வீட்டில் இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு.

இந்தக் கதவு எல்லாக் கன்சோலிலும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இப்படிச் சொன்னதும் பழைய ஆட்கள் பிளேஸ்டேஷன் 3ஐ நினைவுபடுத்துவார்கள். நியாயம்தான், அந்தக் கதையைத் தாண்டி இதைப் பேச முடியாது.

சோனி அதற்கு முன்பே பிளேஸ்டேஷன் 2க்கு லினக்ஸ் கிட் ஒன்றை விற்றது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து வந்தது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3இல் தனிக் கிட்டே வேண்டியிருக்கவில்லை. அமைப்பு மெனுவிலேயே வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் நிறுவ வழி இருந்தது. டிஸ்கைப் பிரிக்கும்போது 10 ஜிபி லினக்ஸுக்கா, 10 ஜிபி மட்டும் கேமுக்கு வைத்துக்கொண்டு மிச்சமெல்லாம் லினக்ஸுக்கா என்று கேட்கும். யெல்லோ டாக் லினக்ஸ் போட்ட ஒரு பெட்டியை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். கறுப்புத் திரையில் ஒரு வரி, அதில் கேம் பக்கத்துக்குப் போ என்ற கட்டளையை அவர் அடிப்பார், பெட்டி திரும்பக் கன்சோலாகிவிடும். அன்று எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

ஆனால் அந்த அறையில் பாதி ஜன்னல் மூடியிருந்தது. லினக்ஸுக்குக் கிடைத்த பிரதான ரேம் 256 எம்பிக்குள்தான். கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தைத் தொட, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் அடியில் இருந்து காவல் காக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் விடவில்லை. வெறும் சட்டகமாகப் படத்தை எழுதிக் காட்ட மட்டுமே முடிந்தது. அதனால் ஜன்னலை நகர்த்துவதுகூட ப்ராசஸரின் சுமை. சும்மா கிடந்த வீடியோ மெமரியை ஸ்வாப்பாக, அதாவது ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடமாக, மாற்ற லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரே எழுதினார்கள். ஒரு கருவியை இவ்வளவு நேசித்து யாராவது பாடுபடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு முழு அறையையும் கொடுத்திருக்க வேண்டாமா?

கொடுக்கவில்லை, கொடுத்ததும் நிலைக்கவில்லை. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற ஹேக்கர் அந்த லினக்ஸ் பக்கத்திலிருந்தபடி ஹைப்பர்வைசரை உடைத்துக் காட்டினார். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 அப்டேட் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வசதியை எடுத்துவிட்டது. ஏற்றாமல் இருக்கலாம், ஆனால் ஏற்றாவிட்டால் ஆன்லைன் சேவை இல்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இருந்த ஒரு வசதி, சோனியே சொல்லி விற்ற வசதி, வீட்டில் இருக்கும்போதே போய்விட்டது. அமெரிக்காவில் இதற்காக வழக்கு நடந்து, பல வருடம் கழித்துச் சமரசத்தில் முடிந்தது.

இந்தக் கதையை வைத்து, டெஸ்க்டாப் கொடுத்தால் கன்சோலின் பாதுகாப்புப் போய்விடும் என்று சொல்வார்கள். கதவு வழியாகத்தான் முதல் அடி விழுந்தது, உண்மை. அதே வருடம் டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு, எந்த மென்பொருள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் பிளேஸ்டேஷன் 3இன் கையொப்ப முறையையே திறந்து காட்டியபோது இதன் மறுபக்கத்தையும் சொன்னது: லினக்ஸ் போட வழி இருந்தவரை திறமையானவர்களுக்கு அந்தப் பெட்டியை உடைக்கும் அவசியமே வரவில்லை, வழி மூடிய பிறகுதான் அத்தனை பேரும் அதன் மேல் விழுந்தார்கள். எனக்கு இந்த வாதம்தான் கனமாகத் தெரிகிறது. 2015 டிசம்பரில் அதே குழு பிளேஸ்டேஷன் 4இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அங்கே அதிகாரபூர்வமாகக் கதவே கிடையாது. சுவரை உடைத்துத்தான் போனார்கள்.

விலை இன்னொரு வாதம். கன்சோலைக் குறைந்த லாபத்திலோ நஷ்டத்திலோ விற்று, கேம் விற்பனையில் ஈடுகட்டுவதுதான் பல நிறுவனங்களின் வழி. கேமே வாங்காதவர்கள் பெட்டியை அள்ளிக்கொண்டு போனால் கையைக் கடிக்கும். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 2010இல் காண்டோர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வைத்துக் கட்டியது. கவலைக்கு இடம் உண்டு. ஆனால் அந்தக் கன்சோல் மொத்தம் விற்றது 8 கோடிக்கும் மேல். ஆயிரத்துச் சொச்சம் பெட்டிக்காக அத்தனை கோடிப் பேரின் கதவை அடைக்க வேண்டுமா?

நான் தட்டிக்கழிக்க முடியாத வாதம் ஏமாற்று ஆட்டம்தான். ஆன்லைனில் எதிரெதிரே ஆடும்போது ஒருவர் கையில் முழு டெஸ்க்டாப்பும் நிர்வாகி உரிமையும் இருந்தால், கேமின் மெமரியைத் தோண்டி எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பார்க்க முடியும். இதற்காகவே சில ஆன்லைன் கேம்கள் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓட மறுக்கின்றன. மகளின் நண்பர்கள் ஆடும் ஒன்று அதில் அடக்கம். அவள் அதற்கு மட்டும் நண்பர் வீட்டுக்குப் போகிறாள். திறந்த கதவுக்கு அவள் கொடுக்கும் விலை அது, அதை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2013இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னைப் பாருங்கள். அடியில் ஒரு ஹைப்பர்வைசர், அதன் மேல் கேமுக்கு மட்டும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், செயலிகளுக்கு விண்டோஸ் அடிப்படையில் இன்னொன்று. இரண்டும் ஒன்றின் மெமரியை ஒன்று பார்க்காது. செயலிகள் இருக்கும் அந்தப் பக்கத்தில் முழு டெஸ்க்டாப்பை வைத்தால் கேம் பக்கத்துக்கு என்ன கெட்டுவிடும்? கேம் அறை கையொப்பமிட்ட, பூட்டிய அறையாகவே இருக்கட்டும். டெஸ்க்டாப் அறையில் நான் எதை வேண்டுமானாலும் போட்டு உடைத்துக்கொள்கிறேன். நான் கேட்பது இரண்டே இரண்டுதான்: அந்த அறைக்குச் செயலற்ற கிராபிக்ஸைக் கொடுக்காமல் முழு வன்பொருளையும் கொடுக்க வேண்டும். விற்ற பிறகு சாவியைத் திருப்பி வாங்கக் கூடாது.

லேப்டாப் சொன்னபடி மூன்றாம் வாரக் கடைசியில் வந்துவிட்டது. புத்தகமும் அதற்கு இரண்டு நாள் முன்பே அச்சுக்குப் போய்விட்டது. ஹப்பைக் கழற்றப் போனபோது மகள் தடுத்தாள்.

"இருக்கட்டும்ப்பா, எனக்கு வேணும்."

பத்து நாளாக அவள் நான் எழுந்த பிறகு உடனே கேம் முகப்புக்குப் போகாமல், கொஞ்ச நேரம் டெஸ்க்டாப்பிலேயே இருந்திருக்கிறாள். டிஸ்கவரில் தேடி கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளை இறக்கியிருக்கிறாள். 1984இல் நின்டென்டோ தன் ஃபேமிகாம் கன்சோலுக்குக் கீபோர்டும் பேசிக் என்ற நிரல் மொழியும் விற்றது. கன்சோலில் ஆடும் பிள்ளை கன்சோலிலேயே எழுதிப் பார்க்கட்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழசு. 1996இல் சோனி வீட்டிலிருந்து கேம் எழுதுகிறவர்களுக்காக நெட் யாரோஸே என்ற கறுப்பு பிளேஸ்டேஷனை விற்றபோது அதை எழுதப் பக்கத்தில் ஒரு கணினி தனியாக வேண்டும். இவளுக்கு எதுவும் தனியாக வேண்டியிருக்கவில்லை.

அவள் செய்தது ஒரு நீலச் சதுரம். இடது வலது போகும், குதிக்கும். கோடோவில் லினக்ஸுக்கு எக்ஸ்போர்ட் செய்ய டெம்ப்ளேட் கோப்புகளைத் தனியாக இறக்க வேண்டும் என்பது தெரியாமல் ஒரு மணி நேரம் திண்டாடியிருந்தாள். அதை மட்டும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தேடிக் கொடுத்தேன். எக்ஸ்போர்ட் ஆன கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால், ஸ்டீமில் சேர் என்று ஒரு வரி வருகிறது. சேர்த்தாள். கேம் முகப்புக்கு மாறினோம். அவள் வாங்கிய கேம்களின் வண்ணப் படங்களுக்கு நடுவே, படம் இல்லாத சாம்பல் கட்டம் ஒன்று, அதில் அவள் வைத்த பெயர்.

அழுத்தினாள். சதுரம் வந்தது, நகரவில்லை. கீபோர்டின் அம்புக்குறிகளையும் ஸ்பேஸ் பாரையும் மட்டுமே அவள் கேமுக்குச் சொல்லியிருந்தாள். ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் போய் ஸ்டிக்கை அம்புக்குறிகளாகவும் ஏ பட்டனை ஸ்பேஸாகவும் அவளே மாற்றினாள். இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று தெரியவில்லை, என்னைவிட வேகமாகச் செய்தாள். மறுபடி ஏ பட்டனை அழுத்தினாள். சதுரம் குதித்தது.

இப்போது அதற்கு இன்னும் நீளமான தரை வேண்டும் என்கிறாள். மூன்றாவது குதியில் திரையின் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகிறது.